கடைசி வருட ப்ராஜெக்ட்: கிராஃபிக்ஸ் முதல் கிரிப்டோகிராஃபி வரை அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒவ்வொரு வருடமும் ப்ராஜெக்ட் தலைப்பை முடிவு செய்யும் ஜீரோத் ரிவ்யூ நெருங்கும்போது ஸ்டாஃப் ரூம் வாசலில் மூன்று நான்கு பேராக வந்து நிற்பார்கள். கையில் ஒரு நோட்டு இருக்கும். அதில் இணையத்தில் பார்த்து எழுதிய பத்துத் தலைப்புகள் இருக்கும். "இதுல எது மேம் ஈஸி?" என்பதுதான் முதல் கேள்வி. நான் ஒரு பொறியியல் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் நடத்துகிறேன். ப்ராஜெக்ட் கைடாகப் பல டீம்களோடு உட்கார்ந்திருக்கிறேன். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும், நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

தலைப்பை எப்படித் தேர்ந்தெடுப்பது?

முதலில், அகலக்கால் வைக்காதீர்கள். தலைப்பிலேயே ஏஐ, பிளாக்செயின், ஐஓடி மூன்றும் இருந்தால் எனக்குக் கவலை வந்துவிடும். மூன்றில் ஒன்றைக்கூட அந்த டீம் ஒழுங்காகத் தொட நேரம் இருக்காது.

நான் சொல்லும் அளவுகோல் எளிது. இரண்டு வார இறுதிகளில் இதன் மிகச் சின்ன வடிவத்தை ஓட வைக்க முடியுமா? முடியும் என்றால் நல்ல தலைப்பு. மீதி மாதங்களில் அதை வளர்த்துக்கொண்டே போகலாம். ஆறு மாதம் கழித்துத்தான் முதல் தடவையாக ஏதாவது திரையில் தெரியும் என்றால், அதை விட்டுவிடுங்கள்.

இரண்டாவது விஷயம், அதில் உங்களுக்கு உண்மையிலேயே ஒரு கேள்வி இருக்க வேண்டும். "நிழல் எப்படி விழுகிறது?", "நான் அனுப்பும் மெசேஜை நடுவில் இருப்பவர் ஏன் படிக்க முடிவதில்லை?" போன்ற ஒரு கேள்வி போதும். அந்த ஆர்வம் இல்லாவிட்டால் மூன்றாவது மாதத்தில் சலித்துவிடும்.

எல்லாரும் செய்த தலைப்பையே எடுக்கலாமா?

எடுக்கலாம். தலைப்பு பழையதாக இருப்பது குற்றம் இல்லை. முகம் பார்த்து அட்டெண்டன்ஸ் போடுவது, இலையைப் பார்த்து நோய் சொல்வது எல்லாம் அரைத்த மாவுதான். ஆனால் அதில் யாரும் கேட்காத ஒரு கேள்வியை நீங்கள் கேட்டால் அது புதுசு. அதைப் பற்றிக் கீழே எழுதியிருக்கிறேன்.

பேஸ் பேப்பர் கட்டாயமா?

ப்ராஜெக்டுக்கு அடிப்படையாக ஓர் ஆய்வுக் கட்டுரையைக் காட்டச் சொல்லிப் பெரும்பாலான கல்லூரிகளில் கேட்பார்கள். ஆனால் பேப்பரைப் பிடித்துவிட்டு அதற்கு ஏற்ற பிரச்சினையைத் தேடாதீர்கள். பிரச்சினை முதலில், பேப்பர் அப்புறம். கடந்த இரண்டு வருடத்துப் பேப்பர்தான் வேண்டும் என்று ரிவ்யூவில் சொன்னால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கூடவே அந்தத் துறையின் மூலப் பேப்பர் ஒன்றையாவது முழுதாகப் படியுங்கள். பழைய பேப்பர்கள் பல எட்டுப் பத்துப் பக்கம்தான், நிதானமாகவும் எழுதியிருப்பார்கள்.

மாணவர்கள் செய்த ப்ராஜெக்டால் எதுவும் மாறியிருக்கிறதா? மதிப்பெண்ணுக்குத்தானே இதெல்லாம்?

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்வேன்.

1951இல் எம்ஐடியில் ராபர்ட் ஃபானோ என்ற பேராசிரியர் தன் வகுப்புக்கு இரண்டு வழி கொடுத்தார்: பரீட்சை எழுதலாம், அல்லது ஒரு கட்டுரை சமர்ப்பிக்கலாம். தகவலை மிகக் குறைந்த பிட்டுகளில் எழுதும் முறை எது என்பது கட்டுரைக்கான கணக்கு. டேவிட் ஹஃப்மன் என்ற மாணவர் கட்டுரையை எடுத்தார். அப்போதுவரை எழுத்துகளுக்குப் பிட் குறி ஒதுக்கும் கிளைப் படத்தை (மரம் என்பார்கள்) மேலிருந்து கீழாகப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். இவர் கீழிருந்து மேலாகக் கட்டினார். 1952இல் வெளியானது. இன்று நீங்கள் அனுப்பும் ஜேபெக் படத்திலும் ஜிப் ஃபைலிலும் அந்த ஹஃப்மன் கோடிங் இருக்கிறது.

படத்தில் விளிம்புகளைக் கண்டுபிடிக்கும் ஜான் கேனியின் எட்ஜ் டிடெக்டரை ஓபன்சிவி என்ற பட லைப்ரரியில் ஒரே வரியில் கூப்பிடுகிறீர்கள் அல்லவா? அது 1983இல் அவர் எழுதிய மாஸ்டர்ஸ் ஆய்வேட்டில் பிறந்தது. நம் நாட்டிலேயே எடுத்துக்கொள்ளுங்கள். 2002 ஆகஸ்டில் ஐஐடி கான்பூரில் மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா மூவரும், ஓர் எண் பகா எண்ணா என்பதை நிச்சயமாகவும் பல்லுறுப்புக்கோவை நேரத்திலும் (எண் நீண்டாலும் நேரம் கட்டுக்கடங்காமல் எகிறாமல்) சொல்லிவிடலாம் என்று நிரூபித்தார்கள். கயாலும் சக்சேனாவும் அப்போதுதான் பிடெக் முடித்திருந்தார்கள். அவர்களுடைய பிடெக் ப்ராஜெக்டே அந்தக் கேள்வியைச் சுற்றித்தான் இருந்தது.

எனக்கு மிகவும் பிடித்தது ரால்ஃப் மெர்க்கிளின் கதை. 1974இல் பெர்க்லியில் கம்ப்யூட்டர் பாதுகாப்பு வகுப்பில் ப்ராஜெக்ட் தலைப்பு கேட்டார்கள். முன்பின் சந்திக்காத இருவர், எல்லாரும் ஒட்டுக்கேட்கும் ஒரு வழியிலேயே பேசி, தங்களுக்குள் ஒரு ரகசியச் சாவியை உருவாக்கிக்கொள்ள முடியும் என்று எழுதிக் கொடுத்தார். அந்தத் தலைப்பு ஏற்கப்படவில்லை. அவர் அந்தப் பாடத்தையே விட்டுவிட்டு யோசனையை மட்டும் கையில் வைத்துக்கொண்டார். 1978இல்தான் அது அச்சில் வந்தது. அதற்குள் 1976இல் டிஃபி, ஹெல்மன் இருவரின் புகழ்பெற்ற கட்டுரை வந்துவிட்டது. இப்படி ரகசியத்தை முன்கூட்டியே பகிராமல் மறைத்துப் பேசும் கலைக்குப் பப்ளிக் கீ கிரிப்டோகிராஃபி என்று பெயர். இன்றைக்கு அதன் வரலாற்றை எழுதும் யாரும் மெர்க்கிளை விட்டுவிட்டு எழுதுவதில்லை.

அவருடைய யோசனையே அருமையான ப்ராஜெக்ட். ஒருவர் பத்து லட்சம் சின்னப் புதிர்களைத் தயாரித்து அனுப்புகிறார், ஒவ்வொன்றுக்குள்ளும் ஓர் எண்ணும் ஒரு சாவியும் இருக்கும். மற்றவர் அதில் ஏதோ ஒன்றை எடுத்து விடுவித்து, உள்ளே இருக்கும் எண்ணை மட்டும் திருப்பிச் சொல்கிறார். அந்தப் புதிருக்குள் இருந்த சாவி இப்போது இருவருக்கும் தெரியும். எந்தப் புதிர் என்று தெரியாததால், ஒட்டுக்கேட்பவர் சராசரியாகப் பாதிப் புதிர்களை உடைத்தாக வேண்டும். இருநூறு வரிக்குள் எழுதிவிடலாம். புதிர்களின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போய், இரு தரப்புக்கும் ஆகும் நேரத்தை வரைபடமாகப் போட்டால், அந்தப் படமே உங்கள் ரிப்போர்ட்டின் முக்கியப் பக்கம்.

கிராஃபிக்ஸில் ஆசை. கேம் எஞ்சின் இல்லாமல் ஏதாவது செய்ய முடியுமா?

ரே டிரேசர் எழுதுங்கள். யாருக்கும் நான் தயங்காமல் சொல்லும் ஒரே ப்ராஜெக்ட் இதுதான். பிளஸ் டூ கணக்கு போதும்: வெக்டர், இருபடிச் சமன்பாடு.

வேலை செய்யும் விதம் இதுதான். கண்ணிலிருந்து ஒவ்வொரு பிக்சல் வழியாகவும் ஒரு கதிரை அனுப்புகிறோம். 640க்கு 480 படம் என்றால் 3,07,200 கதிர்கள். ஒவ்வொன்றும் எதிரே இருக்கும் கோளத்தில் படுகிறதா என்று பார்க்க, கோளத்தின் சமன்பாட்டில் கதிரைப் போட்டால் ஓர் இருபடிச் சமன்பாடு வரும். அதன் தன்மைகாட்டி மைனஸில் போனால் கதிர் கோளத்தைத் தொடவில்லை. பட்டால், பட்ட இடத்திலிருந்து விளக்கை நோக்கி இன்னொரு கதிர். நடுவில் ஏதாவது மறித்தால் அங்கே நிழல். பளபளப்பான பரப்பு என்றால் இன்னொரு கதிர் எகிறிப் போகும். 1980இல் பெல் லேப்ஸில் டர்னர் விட்டட் எழுதிய கட்டுரையின் சாரம் இவ்வளவுதான். அதில் வரும் கண்ணாடிக் கோளப் படம் ஒன்றுக்கு அன்றைய வாக்ஸ் கம்ப்யூட்டரில் 74 நிமிடம் ஆனது. உங்கள் லேப்டாப்பில் பைதானிலேயே எழுதினாலும் ஒரு டீ குடித்துவிட்டு வருவதற்குள் முடியும். சி++ என்றால் கண் இமைக்கும் நேரம்.

எந்த லைப்ரரியும் வேண்டாம். பிபிஎம் என்ற பட வடிவம் வெறும் டெக்ஸ்ட் ஃபைல்தான். முதலில் P3 என்ற குறி, அகலம், உயரம், நிறத்தின் உச்ச எண், பிறகு ஒவ்வொரு பிக்சலுக்கும் மூன்று எண்கள். அதை எழுதத் தெரிந்தால் படம் கையில்.

முதல் தடவை நிழல் போடும்போது எல்லாருக்கும் ஒரே விஷயம் நடக்கும். கோளம் முழுக்கக் கறுப்புப் புள்ளிகள், முகத்தில் பரு வந்ததைப் போல. விஷயம் தெரிந்தவர்கள் அதைப் பரு என்றே சொல்கிறார்கள். காரணம் இது: கதிர் பட்ட இடத்தைக் கணக்கிடும்போது தசமத்தில் ஒரு துளி பிழை வருகிறது. அதனால் அந்தப் புள்ளி கோளத்தின் மேற்பரப்புக்கு ஒரு மயிரிழை உள்ளே போய்விடுகிறது. அங்கிருந்து விளக்கை நோக்கிக் கிளம்பும் கதிர், கிளம்பிய கோளத்தின் மேலேயே மோதி "இங்கே நிழல்" என்கிறது. 0.001ஐவிடக் குறைவான தூரத்தில் வரும் மோதலைக் கணக்கில் எடுக்காதே என்று ஒரு நிபந்தனை சேர்த்தால் பருக்கள் மறைந்துவிடும். இதை ஒரு மாணவி இரண்டு நாள் தேடி, தானாகவே கண்டுபிடித்து, ராத்திரி எனக்குப் படத்தை அனுப்பினாள். பருவோடு ஒன்று, பரு இல்லாமல் ஒன்று. இரண்டையும் ரிப்போர்ட்டில் பக்கத்தில் பக்கத்தில் போடச் சொன்னேன். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) பாதி நேரம் அந்த இரண்டு படங்களைப் பற்றியே ஓடியது.

என் லேப்டாப்பில் ஜிபியு (கணக்கை வேகமாக்கும் கிராஃபிக்ஸ் சிப்) இல்லை. படத்தைக் கம்ப்யூட்டர் பார்த்துப் புரிந்துகொள்ளும் விஷன் ப்ராஜெக்ட் எடுக்க முடியுமா?

தாராளமாக. எம்னிஸ்ட் என்ற கையெழுத்து எண்களின் தொகுப்பு பயிற்சிக்கு 60,000, சோதனைக்கு 10,000 படங்கள் கொண்டது. ஒவ்வொன்றும் 28க்கு 28 பிக்சல். சாதாரண லேப்டாப்பே தாங்கும். அதைவிடப் பெரிதாக வேண்டும் என்றால், இணையத்திலேயே கோடை ஓட்டித்தரும் கூகுள் கோலாப் இருக்கிறது. இலவசக் கணக்கில் தொடர்பு நடுவில் அறுந்துவிடும், அதனால் பயிற்சி ஓட ஓட மாடலை டிரைவில் சேமித்துக்கொண்டே இருங்கள். எட்ஜ் டிடெக்‌ஷன், கேமரா காலிபரேஷன், இரண்டு போட்டோவை ஒட்டிப் பனோரமா ஆக்குவது போன்றவற்றுக்கு ஜிபியு எதற்கு?

முகம் பார்த்து அட்டெண்டன்ஸ் ப்ராஜெக்ட் எடுத்துவிட்டோம். எப்படி உருப்படியாக்குவது?

யாரும் கேட்காத கேள்வியைக் கேட்டால் புதுசு என்று மேலே சொன்னேன் இல்லையா, அதைச் செய்ய இதுதான் சரியான இடம். வழக்கமாக டீம் ஆட்கள் நாலு பேரும் லேபில் டியூப் லைட்டுக்கு நேரே உட்கார்ந்து போட்டோ எடுத்து, அதே இடத்தில் டெமோவும் காட்டுவார்கள். பெயர் சரியாக வரும். கைதட்டல். அவ்வளவுதான்.

நீங்கள் வகுப்பறைக்குப் போங்கள். ஜன்னல் பக்கம் உட்கார்ந்தவரின் முகம் பின்னால் வரும் வெளிச்சத்தில் இருட்டாகத் தெரியும். கடைசி பெஞ்சில் முகம் முப்பது பிக்சலுக்குள் சுருங்கிவிடும். கண்ணாடி போட்டவர், விபூதி பூசியவர், தாடி வளர்த்தவர், நிறம் குறைந்தவர், நிறம் கூடியவர் என்று தனித்தனியாக எத்தனை தடவை தவறுகிறது என்று எண்ணுங்கள். 2018இல் ஜாய் புவோலம்வினி, டிம்னிட் கெப்ரு இருவரும் முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மென்பொருள்களைச் சோதித்தார்கள். வெளிர் நிற ஆண்களிடம் பிழை மிஞ்சிப் போனால் 0.8 சதவீதம், கருநிறப் பெண்களிடம் 34.7 சதவீதம் வரை போனது. நம் ஊர் வகுப்பறையில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க உங்களைவிடப் பொருத்தமானவர்கள் யார்? "எங்கள் சிஸ்டம் இந்த வெளிச்சத்தில், இவர்களிடம், இத்தனை தடவை தவறியது" என்று ஓர் அட்டவணை போட்டால், அது தலைப்பில் பத்துச் சொல் கூட்டுவதைவிட மேல்.

அப்புறம், நண்பனின் போட்டோவை மொபைலில் காட்டினால் அட்டெண்டன்ஸ் விழுகிறதா என்றும் பாருங்கள். பெரும்பாலும் விழும். கண் சிமிட்டுவதைக் கவனிப்பது போன்ற ஏதாவது ஒரு தடுப்பைச் சேர்த்தால் ப்ராஜெக்ட் சட்டென்று ஒரு படி ஏறிவிடும்.

இன்னொன்று, வகுப்பில் இருப்பவர்களின் முகப் படங்களை எடுக்கும் முன் அவர்களிடம் கேளுங்கள். எதற்கு, எவ்வளவு நாள் வைத்திருப்பீர்கள் என்று சொல்லுங்கள். ப்ராஜெக்ட் முடிந்ததும் அழித்துவிடுங்கள். "ஃப்ரெண்ட்ஸ்தானே மேம்" என்பார்கள். நண்பர்களாக இருந்தாலும் கேட்டுத்தான் எடுக்க வேண்டும்.

ஓபன்சிவியில் திறந்த படத்தில் எல்லார் முகமும் நீலமாக இருக்கிறதே?

ஓபன்சிவி நிறங்களை நீலம், பச்சை, சிவப்பு என்ற வரிசையில் வைக்கும். படம் காட்டும் மற்ற லைப்ரரிகள் சிவப்பை முதலில் எதிர்பார்க்கும். வரிசையை மாற்றிக் கொடுங்கள், சரியாகிவிடும்.

எங்கள் மாடல் 99 சதவீதம் சரியாகச் சொல்கிறது. போதும்தானே?

99 என்றதும் நான் கேட்பது, சோதனைப் படங்கள் எங்கிருந்து வந்தன என்பதைத்தான்.

வீடியோ எடுத்து அதிலிருந்து ஃபிரேம்களைப் பிரித்திருந்தால், ஒரு நொடிக்குள் 30 படங்கள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். அவற்றைக் குலுக்கி எண்பதுக்கு இருபது என்று பிரித்தால், பயிற்சியில் பார்த்த படத்தின் இரட்டைப் பிறவி சோதனையில் வந்து நிற்கும். வினாத்தாளை முன்னாடியே கொடுத்துவிட்டுப் பரீட்சை வைத்த கதைதான். பிரிப்பதை நாளின்படி பிரியுங்கள். திங்கள் எடுத்ததில் பயிற்சி, வியாழன் எடுத்ததில் சோதனை. எண் கீழே இறங்கும். அந்த எண்தான் நம்பத்தக்கது.

இலை நோய்க்குப் பலரும் எடுக்கும் பிளான்ட்வில்லேஜ் தொகுப்பில் 54,306 படங்கள், 14 பயிர், 26 நோய். 2016இல் வந்த ஆய்வில் அதில் 99.35 சதவீதம் எட்டினார்கள். அதே ஆய்வாளர்கள் வேறு சூழலில் எடுத்த படங்களைக் கொடுத்தபோது 31 சதவீதத்துக்குச் சற்று மேல்தான் வந்தது. இதை அவர்களே நேர்மையாக எழுதியிருக்கிறார்கள். அந்தத் தொகுப்பில் இலை தனியாக, வெறும் பின்னணியில் கிடக்கும். தக்காளித் தோட்டத்துக்குள் போனால் இலைமேல் இலை, நிழல், ஈரம், காற்றில் ஆட்டம். உங்கள் வீட்டுப் பக்கத்தில் தோட்டம் இருந்தால் ஐம்பது படம் எடுத்து வாருங்கள். எடுத்தவரே ஒவ்வொன்றுக்கும் பெயர் போடாமல், விவசாயம் தெரிந்த ஒருவரிடம் கேட்டுப் போடுங்கள். அந்த ஐம்பது படத்தில் கிடைக்கும் எண்ணை ரிப்போர்ட்டின் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள், எவ்வளவு குறைவாக இருந்தாலும்.

தமிழ் சம்பந்தமாக ஏதாவது செய்ய ஆசை.

செய்யுங்கள். கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது.

கையெழுத்தை அடையாளம் காணும் ப்ராஜெக்டில் முதல் முடிச்சு: 247 எழுத்துக்கும் 247 வகுப்புகள் வேண்டுமா? வேண்டாம். 'கொ' என்பது கண்ணுக்கு மூன்று வடிவம்: கொம்பு, க, கால். கொம்பையும் காலையும் ஒரு தடவை கற்றுக்கொண்டால் எல்லா மெய்க்கும் பயன்படும். இதைக் காகிதத்தில் எழுதிப் பார்த்து, எத்தனை தனி வடிவம் போதும் என்று நீங்களே கணக்கிடுங்கள். அந்த ஒரு மாலை வேலையில் தமிழ் எழுத்தைப் பற்றியே புதிதாக ஏதாவது தெரியவரும்.

கிரிப்டோகிராஃபி பக்கம் வந்தால், ஒவ்வொரு எழுத்தையும் குறிப்பிட்ட இடங்கள் தள்ளி எழுதும் சீசர் சைஃபரைத் தமிழில் செய்து பாருங்கள். ஆங்கிலத்தில் ஐந்து வரி. தமிழில் அதே ஐந்து வரியை எழுதினால் திரையில் கட்டம் கட்டமாக வரும். 'மழை' நமக்கு இரண்டு எழுத்து. யூனிகோடில் மூன்று குறிகள்: ம, ழ, ஐகாரக் குறி. ஒவ்வொன்றையும் ஒரு இடம் தள்ளினால் ம 'ய' ஆகிறது, ழ 'வ' ஆகிறது. ஐகாரக் குறிக்கு அடுத்த இடம் காலி. அங்கேதான் கட்டம். க-வுக்கு அடுத்த மூன்று இடங்களும் காலி, அதன் பிறகுதான் ங. ழ-வுக்கு அடுத்து ள வராமல் வ வருவதும் நம் நெடுங்கணக்குக்கு ஒத்துவராது.

தீர்வு நம் இலக்கணத்திலேயே இருக்கிறது. ஒவ்வொரு உயிர்மெய்யையும் மெய், உயிர் என்று பிரித்து, 18 மெய் ஒரு வட்டம், 12 உயிர் இன்னொரு வட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மெய்யை மட்டும் ஒன்று தள்ளினால் மழை 'யளை' ஆகும், கடல் 'ஙணவ்' ஆகும். இரண்டு வட்டத்தையும் சேர்த்தால் 18 பெருக்கல் 12, அதாவது 216 சாவிகள். கம்ப்யூட்டர் ஒரு நொடிக்குள் எல்லாவற்றையும் முயன்று பார்த்துவிடும். அடுத்து, எந்த எழுத்து எத்தனை தடவை வருகிறது என்று எண்ணி உடைக்கும் வழி. அதற்குத் தமிழ் எழுத்துகளின் புள்ளிவிவரம் வேண்டும். அதை நீங்களே எடுக்கலாம். ஒரு முழு ப்ராஜெக்ட் ஆகிவிட்டது பாருங்கள்.

சொந்தமாக ஒரு என்கிரிப்ஷன் அல்காரிதம் கண்டுபிடிக்கலாமா?

விளையாட்டாகச் செய்து, அதை நீங்களே உடைத்துக் காட்டுவதாக இருந்தால் செய்யுங்கள். "ஏஇஎஸ்ஸைவிடப் பாதுகாப்பானது" என்று தலைப்பு வைப்பதாக இருந்தால் வேண்டாம். உலகம் முழுக்கப் பயன்படும் என்கிரிப்ஷன் தரமான ஏஇஎஸ் ஒரே ராத்திரியில் வந்ததில்லை. 1997இல் போட்டி அறிவித்து, 15 வடிவங்கள் வந்து, உலகத்து நிபுணர்கள் எல்லாரும் சேர்ந்து அவற்றை உடைக்க முயன்று, கடைசியில் டேமன், ரைமன் என்ற இரண்டு பெல்ஜியக்காரர்களின் வடிவம் 2001இல் தரமாக அறிவிக்கப்பட்டது.

நல்ல அல்காரிதத்தைத் தப்பாகப் பயன்படுத்தினால் என்ன ஆகும் என்று காட்டுவது அதைவிட நல்ல ப்ராஜெக்ட். ஒரு பிஎம்பி படத்தை எடுங்கள், வெள்ளைப் பின்னணியில் தடிமனாக ஓர் எழுத்து இருந்தால் போதும். தலைப்பகுதியான 54 பைட்டை விட்டுவிட்டு, மீதியை ஏஇஎஸ்ஸில் ஈசிபி முறையில் என்கிரிப்ட் செய்து, மறுபடி படமாகவே திறந்து பாருங்கள். எழுத்து அப்படியே தெரியும். ஏஇஎஸ் 16 பைட் 16 பைட்டாக, பிளாக் பிளாக்காகத்தான் வேலை செய்யும். ஈசிபியில் ஒரே மாதிரி உள்ளே போனால் ஒரே மாதிரி வெளியே வரும். வெள்ளைப் பகுதி முழுக்க ஒரே பைட் என்பதால் அங்கே எல்லா பிளாக்கும் ஒன்றே. எழுத்து சிவப்பாக இருந்தால் இன்னும் வேடிக்கை. ஒரு பிக்சலுக்கு 3 பைட், பிளாக்குக்கு 16, அதனால் மூன்று வகை பிளாக்குகள் மாறி மாறி வந்து எழுத்துக்குள் கோடு கோடாகத் தெரியும். சாவி 256 பிட் இருந்தும் பலன் இல்லை. ஒவ்வொரு பிளாக்கையும் வேறு மாதிரி மறைக்கும் சிடிஆர் முறைக்கு மாற்றினால் படம் முழுக்க வெறும் இரைச்சல். இந்த இரண்டு படங்களையும் பார்த்த மாணவர் ஈசிபியை ஜென்மத்துக்கும் மறக்கமாட்டார்.

கிராஃபிக்ஸும் வேண்டும், கிரிப்டோவும் வேண்டும். இரண்டும் சேர்ந்த மாதிரி ஏதாவது?

விஷுவல் கிரிப்டோகிராஃபி. 1994இல் மோனி நவோர், அதி ஷமீர் இருவரும் கொண்டுவந்தது. ஆர்எஸ்ஏ என்ற புகழ்பெற்ற பப்ளிக் கீ முறையின் பெயரில் நடு எழுத்துக்குச் சொந்தக்காரர்தான் இந்த ஷமீர். ரகசியப் படத்தை இரண்டு கண்ணாடித் தாள்களாகப் பிரிக்கிறோம். தனித்தனியே பார்த்தால் இரண்டும் வெறும் புள்ளி மழை. ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் படம் எழுந்து வரும். பிரித்துப் படிக்கக் கம்ப்யூட்டரே தேவையில்லை.

ஒரு பிக்சலை எடுத்துக்கொள்வோம். அதை இடம், வலம் என்று இரண்டு பாதியாக்குங்கள். ஒரு நாணயத்தைச் சுண்டுங்கள். தலை விழுந்தால் முதல் தாளில் இடப் பாதி கறுப்பு, பூ விழுந்தால் வலப் பாதி கறுப்பு. இரண்டாவது தாளில், ரகசியப் பிக்சல் வெள்ளை என்றால் முதல் தாளில் போட்டதையே போடுங்கள். கறுப்பு என்றால் நேர் எதிராகப் போடுங்கள். சேர்த்து வைத்தால் வெள்ளைக்குப் பாதி கறுப்பு, அதாவது சாம்பல். கறுப்புக்கு முழுக் கறுப்பு. தனித் தாளில் எந்தப் பிக்சலைப் பார்த்தாலும் பாதி கறுப்பு, பாதி வெள்ளை, அதுவும் நாணயம் சொன்னபடி. அதிலிருந்து ரகசியத்தை எடுக்க எந்தச் சூப்பர் கம்ப்யூட்டராலும் ஆகாது.

நாணயம் எது என்பதில் கவனமாக இருங்கள். பைதானின் சாதாரண ரேண்டம், மெர்சென் ட்விஸ்டர் என்ற முறை. அது கொடுக்கும் 32 பிட் எண்களில் தொடர்ந்து 624ஐப் பார்த்துவிட்டால் மீதியை எல்லாம் முன்கூட்டியே சொல்லிவிடலாம். சீக்ரெட்ஸ் என்ற பகுதியைப் பயன்படுத்துங்கள். அதேபோல ஒரு தாளை இரண்டு ரகசியங்களுக்குப் பயன்படுத்தக் கூடாது. இரண்டு ரகசியங்களின் இரண்டாவது தாள்களை மட்டும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தால், இரண்டு படமும் வேறுபடும் இடங்கள் கறுப்பாகத் தெரிந்துவிடும். இதையும் டெமோவில் சேருங்கள்.

பிரிண்ட் எடுக்கும்போது: பிக்சலைப் பெரிதாக வையுங்கள், ஒன்றிரண்டு மில்லிமீட்டர் இருந்தால் பொருத்துவது எளிது. பிரிண்ட் அளவு 100 சதவீதம் என்று இருக்க வேண்டும், பக்கத்துக்கு ஏற்ப சுருக்கு என்று இருந்தால் தாள்கள் பொருந்தா. கண்ணாடித் தாள் என்று நான் சொன்ன ஓஹெச்பி ஷீட்டில் லேசருக்கானது வேறு, இங்க்ஜெட்டுக்கானது வேறு. கடைக்காரரிடம் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். இங்க்ஜெட் ஷீட்டை லேசர் பிரிண்டரில் விட்டால் சூட்டில் உருகி மெஷினுக்கே மோசம்.

ப்ராஜெக்ட் செய்து விற்கும் சென்டரில் வாங்கிவிட்டால் என்ன?

வேண்டாம். பணம், வைவா பயம் எல்லாம் இருக்கட்டும். அந்த நாலு மாதம் போனால் திரும்ப வராது. படிப்பு முழுக்க யாரோ கொடுத்த பயிற்சியைச் செய்துவிட்டு, முதல் தடவையாக உங்கள் இஷ்டப்படி ஒன்றைக் கட்ட வாய்ப்பு வருகிறது. அதைக் காசு கொடுத்து இன்னொருவரிடம் விட்டுவிடுவதைப் பார்க்க எனக்கு மனசு கேட்பதில்லை. சின்னதாகச் செய்யுங்கள், அரைகுறையாக நிற்கட்டும், உங்களுடையதாக இருக்கட்டும். அரைகுறையாக நின்ற ப்ராஜெக்டை எங்கே நின்றது, ஏன் நின்றது என்று சொல்லத் தெரிந்தவருக்கு நான் கூச்சமில்லாமல் நல்ல மதிப்பெண் போட்டிருக்கிறேன்.

ஏஐயிடம் கோட் எழுதி வாங்கலாமா?

கல்லூரி விதி என்ன சொல்கிறது என்று முதலில் பாருங்கள். அனுமதி இருந்தால், புரியாத ஒரு வரிகூட உள்ளே போகக் கூடாது என்பது என் விதி. நான் செய்யச் சொல்வது: அது எழுதித் தந்ததை மூடிவிட்டு, வெறும் ஃபைலில் நீங்களே மறுபடி எழுதுங்கள். மாட்டிக்கொள்ளும் இடம்தான் உங்களுக்குப் புரியாத இடம்.

டீமில் நான் ஒருவன் மட்டுமே வேலை செய்கிறேன்.

முதல் மாதத்திலேயே கைடிடம் சொல்லுங்கள், கடைசி வாரத்தில் சொன்னால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. கோட் மாற்றங்களைக் குறித்து வைக்கும் கிட் என்ற கருவியைப் பயன்படுத்தினால் யார் எதை எப்போது எழுதினார்கள் என்பது தானே பதிவாகும்.

வைவாவில் என்ன கேட்பார்கள்?

பெரும்பாலும் உங்கள் கோடில் இருக்கும் ஓர் எண்ணைக் காட்டி "இது ஏன்?" என்பார்கள். முகம் கண்டுபிடிக்கும் ஹார் கேஸ்கேட் வரியில் 1.3, 5 என்று இரண்டு எண்கள் இருக்கும். இணையத்தில் இருக்கும் பாடங்களிலிருந்து அப்படியே வந்தவை. வெளிக் கல்லூரியிலிருந்து தேர்வாளராக வந்த ஒரு எக்ஸ்டர்னல் 1.3ஐக் காட்டி, "இதை 1.05 ஆக்கினால் என்ன ஆகும்?" என்று கேட்டார். டீம் முழுக்க அமைதி. பதில் கஷ்டமே இல்லை. படத்தைப் படிப்படியாகச் சுருக்கிக்கொண்டே முகத்தைத் தேடுகிறது. ஒவ்வொரு படிக்கும் எத்தனை மடங்கு சுருக்குவது என்பது 1.3. சின்னதாக வைத்தால் படிகள் கூடும், நேரம் ஆகும், தவறவிடும் முகங்கள் குறையும். 5 என்பது, ஒரே இடத்தில் இத்தனை தடவையாவது முகம் என்று தோன்றினால்தான் ஒத்துக்கொள் என்பது. ஒரு சாயங்காலம் உட்கார்ந்து அந்த இரண்டு எண்ணையும் மாற்றி மாற்றிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

வைவாவுக்கு முந்தின நாள் உங்கள் கோடில் இருக்கும் எல்லா எண்களையும் வட்டம் போட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி காரணம் எழுதுங்கள்.

டெமோ அன்றைக்கு ஓடாவிட்டால்?

நடக்கும். வைஃபை வராது, புரொஜெக்டர் கேபிள் பொருந்தாது, நேற்று ராத்திரி யாரோ அப்டேட் போட்டிருப்பார்கள். ஓடும்போது எடுத்த வீடியோ ஒன்றை பென்டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள், இணையம் இல்லாமல் ஓடும்படி எல்லாவற்றையும் லேப்டாப்பிலேயே வையுங்கள். முடிந்தால் கையில் பிடித்துக் காட்டும்படி ஏதாவது ஒன்று இருக்கட்டும்.

விஷுவல் கிரிப்டோகிராஃபி செய்த ஒரு டீமுக்கு அன்று லேப்டாப் ஆன் ஆகவே இல்லை. மூன்று பேருக்கும் முகம் வெளுத்துவிட்டது. பிறகு ஒருத்தி பையிலிருந்து இரண்டு ஓஹெச்பி ஷீட்டை எடுத்து எக்ஸ்டர்னலிடம் கொடுத்தாள். அவர் ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், ஒன்றும் தெரியவில்லை. எழுந்து ஜன்னல் ஓரம் போய், வெளிச்சத்துக்கு எதிரே இரண்டையும் சேர்த்துப் பிடித்து, மெல்ல நகர்த்தினார். புள்ளிகளுக்கு நடுவிலிருந்து 'ழ' என்ற ஒரே எழுத்து பெரிதாக வெளியே வந்தது. இன்னொரு தடவை விலக்கிவிட்டு, மறுபடி சேர்த்துப் பார்த்தார்.